கடிகாரம் 95 வருஷம் தாவுது: ஏ64 போர்டு, சிலிக்கான் எர்ரேட்டா, கெர்னல் மாற்றுவழி

#1 காசிமேடு_மீரா

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஐஸ் பிளான்ட், பக்கத்திலேயே ஒரு குளிர்கிடங்கு. இரண்டிலும் சேர்த்து 12 வெப்பநிலைப் பதிவுப் பெட்டிகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் ஆல்வின்னர் ஏ64 போர்டு: நாலு கார்ட்டெக்ஸ்-ஏ53 கோர், 1 ஜிபி ராம். பேட்டரி வைத்த ஆர்டிசி (மின்சாரம் போனாலும் நேரம் காக்கும் கடிகாரச் சில்லு) கிடையாது. லினக்ஸ் கெர்னல் 5.4. போர்டு விற்றவர் 2020-ல் கொடுத்த இமேஜ்தான், அதற்குப் பிறகு புதுசு எதுவும் வரவில்லை.

12-ல் 3 பெட்டியில் மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தேதி தாவுகிறது. லாகில் அடுத்தடுத்து வந்த இரண்டு வரி:

2025 மார்ச் 12, 02:14:10, வெப்பநிலை −18.4
2120 மே 3, 02:10:02, வெப்பநிலை −18.4

தாவியதும், 30 நாள் பழைய கோப்புகளை அழிக்கிற ஸ்கிரிப்ட் ஓடி ஒரு மாதப் பதிவையும் துடைத்துவிடுகிறது. ஏற்றுமதிக்குப் போகிற இறாலுக்கு அந்தப் பதிவுதான் அத்தாட்சி. பவர் சப்ளை, எஸ்டி கார்டு, சூடு மூன்றையும் பார்த்தாச்சு. உப்புக்காத்து போர்டைத் தின்னுடுச்சு என்கிறார்கள். க்ரோனியில் (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் நிரல்) ஏதாவது வரி சேர்த்தால் போதுமா, போர்டையே மாற்றணுமா?

#2 ராயபுரம்_கெர்னல்

மீரா, உப்புக்காத்து மேல பழி போட வேண்டாம். நீங்க போட்ட இரண்டு வரியிலேயே விடை இருக்கு.

இரண்டையும் கழிச்சுப் பாருங்க. 34,750 நாள், அதில் 4 நிமிஷம் 8 விநாடி குறைவு. விநாடியில் சொன்னால் சுமார் 300 கோடியே 23 லட்சத்து 99 ஆயிரத்து 752. ஏ64-இன் கவுன்ட்டர், அதாவது கெர்னல் நேரம் கணக்கிடப் படிக்கிற எண்ணி, விநாடிக்கு 2 கோடியே 40 லட்சம் தடவை ஏறும், அதாவது 24 மெகாஹெர்ட்ஸ். இரண்டையும் பெருக்கினால் 2-இன் 56-ஆம் அடுக்கு. லினக்ஸ் அந்தக் கவுன்ட்டரை 56 பிட் அகலம் என்றுதான் கணக்கில் வைத்திருக்கு. ஆக உங்க கடிகாரம் 95 வருஷம் முன்னால ஓடல. ஒரு நொடியில் சில மைக்ரோ விநாடி பின்னால போச்சு. கெர்னல் அதை ஒரு முழுச் சுற்று சுத்தி வந்ததா எடுத்துக்கிச்சு.

சின்ன எண்ணை வைத்துப் பார்ப்போம். கவுன்ட்டர் 7,167-இல் இருக்கு. அடுத்தது 7,168, அதாவது 7 × 1024. அந்தத் திருப்பத்தில் கீழ் 10 பிட்டும் ஒரே சமயத்தில் 1-இலிருந்து 0 ஆகணும், அதே நேரம் மேல் பிட்டுகள் 6-இலிருந்து 7 ஆகணும். சரியா அந்தக் கணத்தில் படித்தால் இந்தச் சில்லில் கீழ்ப் பகுதி புதுசாவும் மேல்ப் பகுதி பழசாவும் வரலாம். அப்போ கிடைப்பது 6,144. போன தடவை கெர்னல் குறித்து வைத்தது 7,100 என்றால் வித்தியாசம் −956. 56 பிட் கணக்கில் குறை எண் கிடையாது. 2-இன் 56-ஆம் அடுக்கில் 956 குறைந்த எண் வரும். அதுதான் உங்க 2120. சில்லிலேயே இருக்கிற இப்படிப்பட்ட பிழைக்குப் பேர்தான் எர்ரேட்டா (ஒருமையில் எர்ரேட்டம்).

முன்னால தாவுகிற தவறான வாசிப்பும் உண்டு, அடுத்த வாசிப்பிலேயே அது சரியாகிடும். அந்தச் "சரியாவது"கூட கெர்னலுக்குப் பின்னால் போனது மாதிரிதான் தெரியும், கவனிங்க.

#3 வியாசை64

மீரா, இன்னைக்கே கை வைக்கணும்னா க்ரோனியில மேக்ஸ்டெப் வரிய 1, −1-னு போடு. எப்ப தாவினாலும் 1 விநாடிக்கு மேல வித்தியாசம் இருந்தா இழுத்து வெச்சிடும். போல் இடைவெளிய 64 விநாடில நிறுத்து. கெர்னலத் தொடாமலே வேலை முடிஞ்சுடும்.

#4 மணலி_ஃபர்ம்வேர்

வியாசை தம்பி, இதுக்கு அது சரிப்படாது. ஏன்னு சொல்றேன்.

க்ரோனி திருத்துவது சுவர்க்கடிகாரத்தை மட்டும். மோனோடோனிக் கடிகாரம்னு ஒண்ணு இருக்கு, அதை யாரும் பின்னால இழுக்க முடியாது, அதுவும் இதோடு சேர்ந்து 95 வருஷம் தாவியிருக்கும். அந்த நொடியில் காத்திருந்த டைமர் எல்லாம் ஒரே மூச்சில் வெடிக்கும். நெட்வொர்க் டைம்அவுட், டிஎச்சிபி குத்தகை, சென்சார் பதிலுக்குக் காத்திருந்த நிரல், எல்லாமே "நேரம் கடந்துவிட்டது" என்று முடிவு கட்டும். க்ரோனி வந்து சேர்வதற்குள் அழிக்கிற ஸ்கிரிப்டும் ஓடி முடிஞ்சிருக்கும்.

இன்னொண்ணு. ஆர்டிசி இல்லாத போர்டுல ஃபேக்-எச்டபிள்யு-கிளாக் ஓடும். அது மணிக்கு ஒரு தடவையும் நிறுத்தும்போதும் நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். தாவின பிறகு எழுதிட்டா, மறுதடவை பூட் ஆகும்போதே 2120-இல் எழுந்து நிற்கும். டிஎல்எஸ் சான்றிதழ் எல்லாம் காலாவதி, சர்வருக்குத் தரவு போகாது.

மீரா, மூணு பெட்டியிலும் இன்னிக்கே செய்ய வேண்டியது இவ்வளவுதான். அழிக்கிற ஸ்கிரிப்டைத் தேதி பார்த்து அழிக்காமல், கோப்பு எண்ணிக்கையோ மொத்த அளவோ பார்த்து அழிக்கும்படி மாத்துங்க. இடிசி அடைவில் இருக்கிற ஃபேக்-எச்டபிள்யு-கிளாக் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்க, 2120 இருந்தால் நீக்குங்க. அடுத்த தடவை தாவினதும் ரீபூட் பண்ணாமல் அப்டைம் கட்டளை (பூட் ஆகி எவ்வளவு நாள் ஆச்சு என்று சொல்வது) போட்டு அது காட்டுற நாள் கணக்கை இங்கே எழுதுங்க.

#5 காசிமேடு_மீரா

ஸ்கிரிப்டை மாத்திட்டேன் அக்கா. ஒரு பெட்டி நேற்று தாவினது இன்னும் ரீபூட் ஆகாமல் இருந்தது. அப்டைம் 34,763 நாள் காட்டுகிறது, 34,750-ஐவிட 13 நாள் கூட. அப்போ மோனோடோனிக் கடிகாரமும் தாவியிருக்கு.

ராயபுரம் அண்ணா, பூட் லாகில் இந்த இரண்டு வரியும் இருக்கு: "ஆர்ச் டைமர்: எனேபிளிங் குளோபல் வொர்க்அரவுண்ட் ஃபார் ஆல்வின்னர் எர்ரேட்டம் அன்நோன்1", அப்புறம் "சிபியு0: டிராப்பிங் சிஎன்டிவிசிடி ஆக்சஸ்". அப்படியென்றால் மாற்றுவழி ஏற்கெனவே ஓடுது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் தாவுது?

#6 ராயபுரம்_கெர்னல்

ஓடுது. ஆனால் முதல் பதிப்பு ஓடுது.

இந்த எர்ரேட்டாவுக்கு மாற்றுவழி 2019-ல் வந்த 5.1 கெர்னலில் சேர்ந்தது. செய்வது ரொம்ப நேரடியானது: கவுன்ட்டரைப் படி, 1 கூட்டு, கீழ் 10 பிட்டை மட்டும் எடு, அது 0 அல்லது 1 என்றால் மறுபடி படி. அதாவது கீழ் 10 பிட்டும் முழுக்க 1-ஆகவோ முழுக்க 0-ஆகவோ இருந்தால் அந்த வாசிப்பை நம்பாதே. தவறான வாசிப்பு எப்போதும் இந்த இரண்டு வடிவில்தான் வரும் என்று சோதனையில் தெரிந்தது. வளையம் அதிகபட்சம் 150 தடவை சுற்றும், கெர்னல் அங்கேயே மாட்டிக்கொள்ளக் கூடாதே.

அதற்குப் பிறகும் சிலருக்குத் தாவிக்கொண்டே இருந்தது. நிறைய சில்லுகளில் சோதித்தபோது, சிலவற்றில் எப்போதாவது கீழ் 9 பிட் மட்டும்தான் ஒரே மாதிரி வருது, பத்தாவது பிட் ஒத்துப்போவதில்லை என்று தெரிய வந்தது. அதனால் 2021-ல் 10 பிட் சல்லடையை 9 பிட்டாகக் குறைத்தார்கள். உங்க இமேஜ் 2020-ல் உறைந்து போனது, அதில் 10 பிட்தான் இருக்கும். 12-ல் 3 மட்டும் தாவுவதற்கும் இதுதான் காரணமாக இருக்கணும். ஒரே மாடல் என்றாலும் சில்லுக்குச் சில்லு குணம் மாறும்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். 512 மதிப்புகளில் 2-ஐ நம்பாமல் விடுகிறோம், அதாவது 256 வாசிப்புக்கு ஒன்று. அந்த இரண்டு மதிப்பும் சேர்ந்து நிற்கிற நேரம் சுமார் 83 நானோ விநாடி. மறுபடி படித்தால் அதற்குள் கடந்திருக்கும்.

டிரைவர்ஸ், கிளாக்சோர்ஸ், ஆர்ம் ஆர்ச் டைமர் சி கோப்பைத் திறந்து சன்50ஐ ஏ64 என்று தேடுங்க. ஜென்மாஸ்க் 9, 0 (பிட் 9 முதல் 0 வரை, மொத்தம் 10 பிட்) என்று இருந்தால் அதை 8, 0 ஆக்குங்க. ஒரு எண்தான்.

#7 வியாசை64

மணலி அக்கா சொன்னது சரி, மோனோடோனிக்க நான் யோசிக்கல. கெர்னல் பில்ட் பண்ற பக்குவத்த நான் சொல்றேன், அதுல நெறைய பேர் தடுக்கி வுழறாங்க.

மொதல்ல ஓடுற பெட்டியிலேந்து கான்ஃபிக் (கெர்னல் அமைப்புப் பட்டியல்) எடு. ப்ராக் அடைவுல கான்ஃபிக் ஜிஇசட் கோப்பு இருந்தா அதையே பிரிச்சு எடு, விற்றவர் கொடுத்த பேப்பர நம்பாத. அத பில்ட் மரத்துல போட்டு ஓல்ட்கான்ஃபிக் ஓட்டு. சன்50ஐ எர்ரேட்டம் அன்நோன்1 "ஒய்"-ல இருக்கான்னு கண்ணால பாரு.

இமேஜ் மட்டும் பில்ட் பண்ணா போதும், மாட்யூல் (கெர்னல்ல தனியா ஏத்துற டிரைவர் கோப்பு) எல்லாம் பழசே இருக்கட்டும். ஆனா இங்கதான் சிக்கல். மூலத்துல கை வெச்சதும் பில்ட் முறை பதிப்புப் பேருக்குப் பின்னாடி ஒரு கூட்டல் குறி ஒட்டும். அப்ப வெர்மேஜிக் (மாட்யூல்ல எழுதியிருக்கிற கெர்னல் பதிப்புப் பேரு) பொருந்தாம பழைய மாட்யூல் ஒண்ணுகூட ஏறாது. வைஃபை போச்சு, சென்சார் போச்சு. மேக் கட்டளையில லோக்கல்வெர்ஷன் வேரியபிள காலியா கொடு, கூட்டல் வராது. பில்ட் ஆனதும் கெர்னல்ரிலீஸ் கோப்ப, ஓடுற பெட்டியோட யூநேம் பேரோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு.

பழைய இமேஜ அழிக்காத. எக்ஸ்ட்லினக்ஸ் கான்ஃப்ல (எந்த கெர்னல பூட் பண்ணணும்னு சொல்ற கோப்பு) ரெண்டு லேபிள் வெய்யி: புதுசு ஒண்ணு, பழசு ஒண்ணு. சீரியல் கேபிள் இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்கவே ஆரம்பிக்காத. 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் கேபிள், 115200, 8 பிட், பேரிட்டி இல்ல, 1 ஸ்டாப். 5 வோல்ட் கேபிள மாட்டினா யுஆர்ட் (சீரியல்) பின் செத்துடும்.

#8 ஒற்றியூரான்

இந்த இழையைப் படிச்சதும் ஒரு கேள்வி. அதே மாதிரி ஏ64 போர்டில் பெர்ஃப் (வேகம் அளக்கும் கருவி) ஓட்டினால், நேரம் கேட்கும் கிளாக் கெட்டைம் அழைப்பு ராஸ்பெர்ரி பையில் இருப்பதைவிடப் பல மடங்கு நேரம் எடுக்குது. 256-க்கு ஒரு தடவை மறுபடி படிப்பதால் இவ்வளவு வித்தியாசம் வராதே?

#9 ராயபுரம்_கெர்னல்

வராது. நீங்க பார்ப்பது வேற செலவு, எனக்கு இந்த எர்ரேட்டாவில் பிடித்த இடமே அதுதான்.

சாதாரணமா நேரம் கேட்கிற நிரல் கெர்னலுக்குள் போவதே இல்லை. விடிஎஸ்ஓ என்கிற சின்ன நூலகத்தைக் கெர்னல் ஒவ்வொரு செயல்முறையிலும் ஒட்டி வைக்கும். அது யூசர்ஸ்பேஸில் (கெர்னலுக்கு வெளியே நிரல்கள் ஓடும் பகுதி) இருந்தபடியே கவுன்ட்டர் ரெஜிஸ்டரைப் படித்துக் கணக்குப் போட்டுக் கொடுக்கும், சில பத்து நானோ விநாடியில் முடிஞ்சுடும். கெர்னலுக்குள் மட்டும் மாற்றுவழி போட்டுவிட்டு இந்தப் பின்வாசலை மறந்தால் என்ன ஆகும்? கெர்னலுக்கு நேரம் சரி, நிரலுக்கு மட்டும் நேரம் தாவும். கண்டுபிடிக்கவே முடியாத பிழை அது.

அதனால் மாற்றுவழி இரண்டு காரியம் செய்யுது. விடிஎஸ்ஓவிடம் "நீ படிக்காதே, சிஸ்டம் கால் போட்டு என்னிடம் வா" என்கிறது. விடிஎஸ்ஓவைத் தாண்டி, நேரா அசெம்பிளியில் ரெஜிஸ்டரைப் படிக்கிற நிரல்களும் உண்டு. அவற்றுக்காக சிஎன்டிகேசிடிஎல் ரெஜிஸ்டரில் யூசர் அனுமதி பிட்டை அணைக்கிறது. அப்புறம் யூசர்ஸ்பேஸ் அந்தக் கட்டளையைப் போட்டால் சிபியு டிராப் ஆகி, அதாவது நிரலை நடுவில் நிறுத்திவிட்டு, கெர்னலுக்கு வரும். கெர்னல் சல்லடையில் சலித்த மதிப்பை ரெஜிஸ்டரில் வைத்து, அடுத்த கட்டளைக்கு நகர்த்தி அனுப்பும். மீரா லாகில் பார்த்த "டிராப்பிங்" வரி இதைத்தான் சொல்லுது, சிஎன்டிவிசிடி என்பது அந்தக் கவுன்ட்டர் ரெஜிஸ்டரின் பேர்.

டைமர் வைப்பதிலும் இதே கதைதான். "இன்னும் இத்தனை டிக் கழித்து எழுப்பு" என்கிற டிவிஏஎல் ரெஜிஸ்டரை நம்ப முடியாது, ஏனென்றால் வன்பொருள் உள்ளுக்குள் அதே கோணல் கவுன்ட்டரைத்தான் கூட்டும். அதனால் சலித்த வாசிப்போடு கூட்டி, முழு இலக்கு எண்ணை சிவிஏஎல் ரெஜிஸ்டரில் எழுதுகிறார்கள்.

நிரல் விநாடிக்கு லட்சம் தடவை நேரம் கேட்டால் இந்தச் செலவு தெரியும். பதிவுப் பெட்டிக்கு ஒரு பொருட்டே இல்லை.

#10 ஒற்றியூரான்

புரிஞ்சது. ஆனா ஒரு விஷயம் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த எர்ரேட்டாவின் மாற்றுவழியை இயக்குவது டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்ன வன்பொருள் இருக்கு என்று கெர்னலுக்குச் சொல்லும் பட்டியல்) டைமர் முனையில் இருக்கிற ஒரு குறிப்பு. யாராவது பழைய டிடிபி (டிவைஸ் ட்ரீ) கோப்பைப் போட்டு பூட் பண்ணினால் மாற்றுவழி சத்தமில்லாமல் அணைந்துவிடும். கெர்னலே பூட் ஆகும்போது சோதித்துப் பார்த்துத் தானாகப் போட்டுக்கொள்ளக் கூடாதா?

#11 ராயபுரம்_கெர்னல்

எப்போது கேட்டாலும் ஒரே விடை வரும் பிழைக்கு அப்படிச் செய்யலாம், செய்திருக்கிறார்கள். 1994-இன் பென்டியம் வகுத்தல் பிழை அப்படிப்பட்டது. லினக்ஸ் பூட்டில் 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்து, திரும்பப் பெருக்கிக் கழித்துப் பார்க்கும். நல்ல சில்லில் 0, கெட்ட சில்லில் 256. ஒரே கணக்கில் முடிஞ்சது.

மீராவின் பெட்டி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தாவுகிறது. பூட்டில் எத்தனை விநாடி சோதிப்பீங்க? சோதனையில் தென்படாமல் தப்பிய சில்லுதான் ஆபத்தான சில்லு. அதனால்தான் எர்ரேட்டாவை நடத்தையை வைத்துப் பிடிப்பதில்லை, அடையாளத்தை வைத்துப் பிடிக்கிறார்கள்.

கோரில் இருக்கிற பிழை என்றால் எம்ஐடிஆர் ரெஜிஸ்டர் போதும். தயாரிப்பாளர், வேரியன்ட், பார்ட் எண், ரிவிஷன் எல்லாம் அதில் இருக்கு. ப்ராக் சிபியுஇன்ஃபோவில் பார்ட் டி03, வேரியன்ட் 0, ரிவிஷன் 4 என்றால் அது ஏ53 ஆர்0பி4. அதோடு ஆர்இவிஐடிஆர் என்று இன்னொன்று: ஒரே ரிவிஷனுக்குள்ளேயே சில்லில் திருத்தியாச்சா என்று பிட் வைத்துச் சொல்லும். ஏ53-இன் இன்னொரு பிழையான எர்ரேட்டா 843419-க்கு ஆர்0பி4-இல் அதன் 8-ஆம் பிட் 1 என்றால் திருத்தியாச்சு, கெர்னல் அந்தக் கோரை விட்டுவிடும். ஆனால் நம்ம டைமர் பிழை ஏ53 கோரின் பிழை இல்லை, ஆல்வின்னர் அதைச் சுற்றிக் கட்டின பகுதியின் பிழை. எம்ஐடிஆர் பார்த்தால் ராஸ்பெர்ரி பை 3-உம் ஏ64-உம் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் டிவைஸ் ட்ரீயை விட்டால் வேறு வழி கிடையாது. தயாரிப்பாளர் தரப்பில் இதற்கு எண் இல்லாததால்தான் பெயரே அன்நோன்1.

நீங்க சொன்ன ஆபத்து உண்மை. டிடிபியை மாற்றினால் ப்ராக் டிவைஸ்-ட்ரீ டைமர் அடைவில் அந்தக் குறிப்பு இருக்கா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்தே ஆகணும். பூட் லாகில் அந்த வரி இல்லையென்றால் பெட்டியைத் தளத்துக்கு அனுப்பாதீங்க.

கோர் எர்ரேட்டா எப்படி ஒட்டப்படுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாச் சில்லுக்கும் ஒரே கெர்னல் இமேஜ். பிழை உள்ள இடத்தில் இரண்டு வடிவக் கட்டளைகளும் வைத்திருப்பார்கள்: சாதாரணமானது கோட் ஓட்டத்தில், மாற்று ஒரு தனிப் பகுதியில். இரண்டும் ஒரே நீளம் இருக்கணும், குறைந்தால் நாப் (எதுவும் செய்யாத கட்டளை) போட்டு நிரப்பணும். எல்லாக் கோரும் எழுந்து, யாருக்கு எது தேவை என்று தெரிந்த பிறகு மற்ற கோர்களை ஓரிடத்தில் சுற்ற விட்டுவிட்டு, பூட் கோர் மட்டும் கட்டளைகளை மாற்றி எழுதும். பிறகு கேஷை (சிபியுவின் தற்காலிக நினைவகம்) சுத்தம் செய்யணும். அங்கேயும் ஒரு வலை இருக்கு: ஏ53-இன் 819472, 827319, 824069 மூன்றும் கேஷ் சுத்தம் செய்யும் கட்டளையோடு தொடர்புள்ள பிழைகள், அந்தச் செயற்கூறுகளும் மாற்றி எழுதப்படும் பட்டியலில் இருக்கு. மாற்றிக்கொண்டிருக்கும்போதே அதை அழைத்தால் பாதி மாறின கட்டளையில் கால் வைக்கிற மாதிரி. அதனால் மாற்றி எழுதும் கோட் தனக்கென்று ஒரு கேஷ் செயற்கூறு வைத்திருக்கு. அது எப்போதும் "சுத்தம் செய்து செல்லாததாக்கு" என்கிற பாதுகாப்பான கட்டளையையே போடும்.

பூட் முடிந்த பிறகு தாமதமாக ஒரு கோர் எழுந்து, அதற்குத் தேவையான மாற்றுவழி அதற்குள் போடப்படவில்லை என்றால்? பெரும்பாலான எர்ரேட்டாவுக்குக் கெர்னல் அந்தக் கோரைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டேன் என்றுவிடும். சரியான முடிவு என்பேன்.

#12 மணலி_ஃபர்ம்வேர்

843419 பேச்சு வந்ததால் மீராவுக்கு ஒரு எச்சரிக்கை. சென்சார் டிரைவர் விற்றவர் கொடுத்த கேஓ (மாட்யூல்) கோப்புதானே?

அந்தப் பிழை இப்படி: 4096 பைட் பக்கத்தின் கடைசி இரண்டு கட்டளை இடத்தில், அதாவது 4088 அல்லது 4092-இல், ஏடிஆர்பி (முகவரி கணக்கிடும்) கட்டளை விழுந்து, அதைத் தொடர்ந்து குறிப்பிட்ட வரிசையில் லோடு, ஸ்டோர் வந்தால் தவறான முகவரிக்குப் போகலாம். கெர்னல் இமேஜில் இதை லிங்கர் பார்த்துக்கொள்ளும். மாட்யூல் கோப்பில் கடைசி முகவரி முன்கூட்டியே தெரியாதே. அதனால் மாட்யூலை ஏற்றும்போது கெர்னல் அந்த இடத்து ஏடிஆர்பியை, இலக்கு 1 எம்பிக்குள் இருந்தால் ஏடிஆர் ஆக்கும், இல்லாவிட்டால் ஒரு வெனீருக்கு (வேறு இடத்தில் வைத்த சின்னக் கோட்) தாவ வைக்கும். கெர்னல் கான்ஃபிக்கில் 843419 "ஒய்" என்றால்தான் இதெல்லாம் நடக்கும். பூட் லாகில் "டிடெக்டெட்: ஆர்ம் எர்ரேட்டம் 843419" வரி இருக்கான்னு பாருங்க. 32 பிட் நிரல் ஓட்டுவதாக இருந்தால் 845719 வரியும் இருக்கணும்.

கெர்னலின் கை எட்டாத எர்ரேட்டாவும் உண்டு. 855873-க்கு சிபியுஏசிடிஎல்ஆர் ரெஜிஸ்டரில் ஒரு பிட் போடணும், பொதுவா அதை எழுதும் உரிமை இஎல்3-க்குத்தான் (கெர்னலைவிட மேலான உரிமை நிலை). அது டிரஸ்டட் ஃபர்ம்வேரின் வேலை. சீரியல் கன்சோலில் லினக்ஸ் வருவதற்கு முன்னாலேயே அந்த ஃபர்ம்வேரின் பிஎல்31 வரிகள் ஓடும். எந்த எர்ரேட்டா "வாஸ் அப்ளைட்", எந்த எர்ரேட்டா "வாஸ் மிஸ்ஸிங்" என்று அதில் எழுதியிருக்கும். மிஸ்ஸிங் வரி எச்சரிக்கையாக வந்தால் டீமெசேஜில் (கெர்னல் லாகில்) தேடிப் பயனில்லை, ஃபர்ம்வேரைத்தான் அந்தக் கொடியோடு மறுபடி பில்ட் பண்ணணும். யூ-பூட்டுக்கும் (கெர்னலை ஏற்றும் பூட்லோடர்) இதே டைமர் பிழைக்குத் தனிக் கொடி இருக்கு: சன்க்ஸி ஏ64 டைமர் எர்ரேட்டம். அதை விட்டால் பூட் தாமதங்கள் எப்போதாவது கோணும்.

#13 ஒற்றியூரான்

எக்ஸ்86 பக்கம் எப்படி? கிடங்கு அலுவலகத்தில் உள்ள சர்வர் அதுதான்.

#14 மணலி_ஃபர்ம்வேர்

அங்கே பாதிச் சுமை மைக்ரோகோடுக்கு (சிபியுவுக்குள் ஏற்றும் திருத்தக் கோட்). ப்ராக் சிபியுஇன்ஃபோவில் "மைக்ரோகோட்" வரியில் பதிப்பு, "பக்ஸ்" வரியில் அந்தச் சில்லுக்குக் கெர்னல் அறிந்த ஓட்டைகள். மைக்ரோகோட் சீக்கிரமே ஏற வேண்டும் என்பதற்காக அது இனிட்ராம்எஃப்எஸ் (பூட் தொடக்கத்தில் கெர்னல் திறக்கும் தொகுப்பு) கோப்பின் தலையில், சுருக்காத தனி சிபிஐஓ காப்பகத் துண்டாக இருக்கணும். இனிட்ராம்எஃப்எஸ்ஸைக் கையால் கட்டுகிறவர்கள் மொத்தத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடுவார்கள், கெர்னல் அதைப் பார்க்கவே பார்க்காது, பிழைச் செய்தியும் வராது. ஓடும் சர்வரில் பிறகு ஏற்றுவது வேண்டாம். நிரல்கள் ஏற்கெனவே பார்த்து வைத்த சிபியு வசதி நடுவில் மாறிப்போகலாம்.

ரீபூட் பண்ணாமலே வருஷக்கணக்கா ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஏஎம்டி எபிக் 7002 வரிசையில் எர்ரேட்டா 1474. கடைசி ரீசெட்டிலிருந்து சுமார் 1044 நாள் கழித்து ஒரு கோர் சிசி6 தூக்க நிலையிலிருந்து எழாமல் போகலாம். வழி இரண்டுதான்: அதற்கு முன் ரீபூட், அல்லது சிசி6-ஐ அணைப்பது.

#15 வியாசை64

ண்ணா, நம்மளே ஒரு புது கோர் எர்ரேட்டாவ ஆர்ம்64 கெர்னல்ல சேர்க்கணும்னா எங்கெங்க கை வைக்கணும்? ரிஸ்க்-வி (ஆர்ம் மாதிரி இன்னொரு சிபியு வகை) பக்கமும் சொல்லுங்க, ஐஐடி மெட்ராஸ் சக்தி மாதிரி இங்கயே கோர் வடிவமைக்கிறாங்க.

#16 ராயபுரம்_கெர்னல்

ஆறு இடம் தம்பி. கேகான்ஃபிக்கில் எர்ரேட்டா எண்ணோடு ஒரு விருப்பம். அதில் அறிகுறி, மாற்றுவழி, செலவு மூன்றையும் தெளிவா எழுதணும். பார்ட் எண் புதுசு என்றால் சிபியுடைப் தலைப்புக் கோப்பில். சிபியுகேப்ஸ் பட்டியலில் ஒரு பெயர். சிபியு எர்ரேட்டா சி கோப்பில் எந்த ரிவிஷனிலிருந்து எந்த ரிவிஷன் வரை என்ற வரி. பிழை நடக்கிற இடத்தில் மாற்றுக் கட்டளை. கடைசியா சிலிக்கான் எர்ரேட்டா ஆவணத்தில் ஒரு வரிசை. பலர் தவறுவது ரிவிஷன் எல்லையில்தான். "எல்லா ரிவிஷனும்" என்று போட்டுவிடுவார்கள், திருத்தின சில்லும் தேவையில்லாமல் மெதுவாகும். எர்ரேட்டா அறிவிப்பில் "திருத்தப்பட்டது" என்ற வரியைப் படித்துவிட்டு எல்லை போடு.

ரிஸ்க்-வியில் அடையாள ரெஜிஸ்டர்கள் எம் மோடில் (ஃபர்ம்வேர் ஓடும் மேல் உரிமை நிலை) மட்டும் தெரியும், கெர்னல் எஸ்பிஐ (ஃபர்ம்வேரை அழைக்கும் முறை) வழியாக ஃபர்ம்வேரைக் கேட்டு வாங்கும். மாற்றி எழுதும் முறை ஆர்ம் மாதிரிதான். சைஃபைவ் நிறுவனத்தின் எர்ரேட்டா சிஐபி-1200 நல்ல பாடம்: ஒரு முகவரிக்கு மட்டும் டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் கேஷ்) அழிக்கும் கட்டளையை அங்கே நம்ப முடியாது, அதனால் முழு டிஎல்பியையும் அழிக்கும் வடிவத்தைப் போடுகிறார்கள். மெதுவானது, ஆனால் சரியானது. மாற்றுக் கட்டளையே இல்லாத நிலையும் வரும். 2024-ல் டி-ஹெட் சி910 கோரில் வெளிவந்த கோஸ்ட்ரைட் ஓட்டைக்கு வெக்டர் வசதியையே அணைப்பதைத் தவிர வழியில்லை.

#17 காசிமேடு_மீரா

3 பெட்டியிலும் 8, 0 மாற்றின இமேஜ் போட்டாச்சு. வியாசை அண்ணா சொன்ன கூட்டல் குறி முதல் பில்டில் வந்தது, லோக்கல்வெர்ஷனைக் காலியாகக் கொடுத்ததும் போனது. 843419 வரி லாகில் இருக்கு.

இரண்டு வாரம் காத்திருக்காமல் எப்படிச் சோதிப்பது?

#18 ராயபுரம்_கெர்னல்

கோருக்கு ஒரு திரெட், அஃபினிட்டி போட்டு அந்தந்தக் கோரிலேயே கட்டிப் போடுங்க. வளையத்துக்குள் ஐஎஸ்பி (கட்டளைகள் வரிசை மாறாமல் தடுப்பது), கவுன்ட்டர் வாசிப்பு, ஐஎஸ்பி, மறுவாசிப்பு. ஐஎஸ்பி இல்லாவிட்டால் வாசிப்புகள் முன்பின்னாக நடந்து பொய்யான தவறு காட்டும். இரண்டாவது மதிப்பு முதலாவதைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் எண்ணுங்க. முன்னால் தாவுவதை எண்ணாதீங்க, நடுவில் ஷெட்யூலர் வேறு வேலைக்குப் போயிருந்தாலும் அப்படித்தான் தெரியும்.

கீழ் 10 பிட்டும் திரும்பும் இடம் விநாடிக்கு 23,437 தடவை வருது, அதனால் பிழை இருந்தால் இது சீக்கிரம் பிடித்துவிடும். ஆனால் இந்தக் கெர்னலில் உங்க வாசிப்பு டிராப் ஆகி சலித்த மதிப்பாகத்தான் வரும். அதாவது சோதிப்பது மாற்றுவழியை, சில்லை அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே பெட்டியில் முதலில் பழைய இமேஜில் ஓட்டி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, பிறகு புதுசில் அதே நேரம் ஓட்டுங்க.

#19 காசிமேடு_மீரா

ஓட்டியாச்சு, இமேஜுக்கு 48 மணி நேரம். பழைய இமேஜில் மூன்று பெட்டியும் பின்னால் போனது: 3 தடவை, 11 தடவை, 5 தடவை. புது இமேஜில் மூன்றிலும் 0. மற்ற 9 பெட்டிக்கும் இதே இமேஜை ஞாயிறன்று போடுகிறேன். மணலி அக்கா, யூ-பூட் கொடி எங்கள் இமேஜில் அணைந்திருக்கு, பிஎல்31-இல் 835769 மிஸ்ஸிங் வரியும் வருது. அதே நாளில் இரண்டையும் சேர்த்து மாற்றலாமா?

#20 மணலி_ஃபர்ம்வேர்

சேர்த்து வேண்டாம். ஞாயிறு கெர்னல் மட்டும். யூ-பூட்டும் பிஎல்31-உம் ஒரே கோப்பாக எஸ்டி கார்டின் 8-ஆவது கேபியில் உட்காரும், அது கெட்டால் பழைய லேபிளுக்குத் திரும்ப வழியில்லை. ஒரு உதிரிக் கார்டில் எழுதி, மேசை மேல் ஒரு போர்டில் 20 தடவை பவர் எடுத்துப் போட்டுப் பாருங்க. "வாஸ் மிஸ்ஸிங்" வரி ஒன்றுகூட இல்லாமல் 20 தடவையும் எழுந்தால், அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகக் கார்டை மாத்துங்க. பழைய கார்டுகளை அந்தந்தப் பெட்டியின் எண் எழுதி ஒரு மாதம் எடுத்து வையுங்க.